சாவியை ஒளித்து வைத்த அரசாங்கம்

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு நாள், என் அப்பாவின் ஸ்கூட்டர் சாவியை எடுத்து, அலமாரியின் மேல்தட்டில் பழைய போர்வைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அவருக்கு அப்போது 76 வயது. மூன்று நாள் முன்னால்தான் ஈரமான ஒரு வளைவில் வண்டி சறுக்கி விழுந்திருந்தார். இடது மணிக்கட்டில் விரிசல், முழங்காலில் சிராய்ப்பு. ஹெல்மெட் வழக்கம்போல வீட்டில் கொக்கியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தலை தரையில் மோதாதது வெறும் அதிர்ஷ்டம்.

"சாவி எங்கடா?"

"இருக்கு. ஆனா தர மாட்டேன்ப்பா."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அப்பா ஒரு தொழிற்சாலையில் 31 வருடம் பாய்லர் பார்த்தவர். அழுத்தம் மீறினால் நீராவியை வெளியே விடும் சேஃப்டி வால்வில் யாராவது கை வைத்தால் மேலதிகாரி என்றும் பார்க்காமல் சண்டைக்குப் போவார். கேஜ் கிளாஸில் தண்ணீர் மட்டம், பிரஷர், எப்போது ப்ளோ டவுன் செய்தார் (அடியில் தங்கும் கசடைத் தண்ணீரோடு வெளியேற்றுவது), எல்லாவற்றையும் மணிக்கு மணி லாக் புத்தகத்தில் எழுதுவார். உற்பத்தி அவசரம், இன்ஸ்பெக்‌ஷனைத் தள்ளிப்போடலாம் என்று ஒருமுறை சொன்னார்களாம். இவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார் என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அப்படிப்பட்ட மனிதர் ஹெல்மெட் போட மாட்டார். இந்த முரண் எனக்கு ரொம்ப நாளாகப் புரியவில்லை. அன்றைக்கு அவரே விளக்கினார்.

"பாய்லர் வெடிச்சா பக்கத்துல நிக்கிறவன் சாவான். உள்ளே எவ்வளவு பிரஷர்னு அவனுக்குத் தெரியாது. அவனை யாரும் கேக்கவும் இல்ல. அதுக்குச் சட்டம் வேணும். நான் விழுந்தா நான்தானே விழறேன்? இதுல நீ யாரு, அரசாங்கம் யாரு?"

"தூக்கிட்டு ஓடினது நான்தானேப்பா" என்றேன். சரியான பதிலடி என்றுதான் அப்போது நினைத்தேன்.

*

அப்பா போட்ட அந்தக் கோடு எவ்வளவு பழையது என்பது பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. அமெரிக்க ஆறுகளில் நீராவிப் படகுகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடிய காலம். வேகம் வேண்டும் என்றால் சேஃப்டி வால்வின் மேல் கூடுதல் எடையைத் தொங்கவிடுவார்கள். நீராவி வெளியேறாது, அழுத்தம் ஏறும், படகு பறக்கும். சில சமயம் நிஜமாகவே பறந்தது. 1838 ஏப்ரலில் சின்சினாட்டிக்குப் பக்கத்தில் மொசெல் என்ற படகு வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்த ஜூலையிலேயே அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. தனியார் சொத்தில் அரசு மூக்கை நுழைப்பதா என்று அப்போதும் கேட்டார்கள். அந்தச் சட்டம் சோனியாக இருந்தது; வெடிப்புகள் தொடர்ந்தன. 1852-இல் அதை இறுக்கினார்கள்: பாய்லரைத் தண்ணீர் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும், இயக்குபவருக்கு உரிமம் வேண்டும், ஆய்வாளர் வந்து பார்க்க வேண்டும்.

படகுக்குச் சட்டம் வந்து அரை நூற்றாண்டு கழிந்த பிறகும், நிலத்தில் இருந்த பாய்லர்களுக்குச் சரியான ஒழுங்கு கிடையாது. 1905 மார்ச்சில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிராக்டன் நகரத்து ஷூ தொழிற்சாலை ஒன்றில் பாய்லர் வெடித்துக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. கட்டடம் சரிந்து தீப்பிடித்தது. 58 பேர் செத்தார்கள். அதன் பிறகு அந்த மாநிலம் பாய்லர் விதிகளை எழுதியது. 1915-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் பாய்லர் விதித்தொகுப்பு வெளிவந்தது. அப்பாவின் லாக் புத்தகத்துக்கு இப்படி ஒரு பரம்பரை உண்டு. அவருக்கு பிராக்டன் என்ற ஊர்ப்பெயர் தெரியாது. அங்கே செத்தவர்களுக்காகத்தான் அவர் 31 வருடம் அந்தக் கட்டங்களை நிரப்பினார்.

இந்த வகை விதிகளில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. இங்கே அரசு யாரிடமும் கூச்சப்பட வேண்டியதில்லை. பெட்ரோலில் ஈயம் கலந்த கதையும் இதே சாதிதான். 1923-இல் விற்க ஆரம்பித்தார்கள். ஈயம் நஞ்சு என்பது அன்றைக்கும் தெரியாத விஷயமல்ல. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா அதை நிறுத்தியது 2021-இல். கிட்டத்தட்ட நூறு வருடம். இடையில் அந்தப் புகையை மூச்சில் இழுத்த எந்தக் குழந்தையையும் யாரும் "உனக்குச் சம்மதமா?" என்று கேட்கவில்லை. லாபம் ஒரு பக்கம், ஆபத்து இன்னொரு பக்கம், நடுவில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. அந்த இடத்தில் தடை தாமதமாக வந்ததுதான் தவறு.

சரி. இது சுலபமான பாதி.

*

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். அந்தப் பழமொழியை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். காலை விடாதே என்று அது சொல்லவில்லை. தெரியாமல் விடாதே என்கிறது. ஆழத்தைத் தெரிந்துகொண்டு, நீச்சலும் தெரிந்து, அப்புறமும் ஒருவர் இறங்கினால் பழமொழி வாயை மூடிக்கொள்கிறது.

ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் இதையேதான் ஒரு பாலத்தை வைத்து விளக்கினார். இடியப் போகிற பாலத்தில் ஒருவன் கால் வைக்கப் போகிறான். எச்சரிக்க நேரமில்லை என்றால் அவனைப் பிடித்து இழுக்கலாம். அதனால் அவன் சுதந்திரம் பறிபோகவில்லை, ஏனென்றால் ஆற்றில் விழ அவன் ஆசைப்படவில்லை. ஆனால் பாலம் கட்டாயம் இடியும் என்றில்லாமல், இடியக்கூடும் என்கிற அளவில் மட்டும் ஆபத்து இருந்தால், அவனிடம் சொல்லலாம், இழுக்கக்கூடாது. போவதா வேண்டாமா என்பதை அவன்தான் முடிவு செய்ய வேண்டும்.

படிக்க அழகாக இருக்கிறது. வாழ்க்கையில் நாம் கடக்கிற பாலங்கள் எல்லாமே "இடியக்கூடும்" வகைதான் என்பதுதான் தொல்லை.

மனிதர்கள் ஆபத்தை எடைபோடுவது ஒரு விசித்திரமான தராசில். சான்சி ஸ்டார் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1969-இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நாமாக விரும்பி ஏற்கும் ஆபத்தையும், நம் தலையில் மற்றவர்கள் கட்டும் ஆபத்தையும் ஒப்பிட்டு, முதல் வகையில் நாம் சுமார் ஆயிரம் மடங்கு அதிகமாகப் பொறுத்துக்கொள்கிறோம் என்றார். அவர் கணக்கிட்ட முறையைப் பலர் பின்னால் கேள்வி கேட்டார்கள். ஆனால் அடிப்படையான உண்மையை யார் வீட்டிலும் பார்க்கலாம். புகைபிடித்துக்கொண்டே பக்கத்துத் தொழிற்சாலையின் புகையைப் பற்றிப் புகார் மனு எழுதுகிற ஒருவரை எனக்குத் தெரியும். அவரைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றும். யோசித்தால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒன்று அவர் வாங்கியது. மற்றது அவர்மேல் கொட்டப்பட்டது.

*

இப்போது என் பதிலடிக்கு வருகிறேன். "தூக்கிட்டு ஓடினது நான்தானே?" ஹெல்மெட், சீட் பெல்ட், புகை, சர்க்கரை என்று எந்தப் பேச்சு வந்தாலும் இந்த வாதம் வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும். உன் ஆபத்து உன்னோடு முடிவதில்லை; ஆம்புலன்ஸ் வர வேண்டும், ஆஸ்பத்திரிப் படுக்கை வேண்டும், அதற்குப் பணம் எல்லோர் வரியிலிருந்தும் போகிறது. ஆகவே உன் தலை பொதுச்சொத்து.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. 2022 கோடையில் மோன் பிளாங் மலையின் பிரெஞ்சுப் பக்கத்தில் இருக்கும் சேன் ஜெர்வே ஊர் மேயர் வெகுண்டெழுந்து ஒரு அறிவிப்பு செய்தார். கடும் வெயிலில் பாறைகள் உருண்டு விழுந்துகொண்டிருந்தன. ஏறாதீர்கள் என்று சொல்லியும் சிலர் ஏறினார்கள். இனி இந்த வழியாக ஏறுகிறவர்கள் 15,000 யூரோ முன்பணம் கட்டட்டும் என்றார் அவர். 10,000 மீட்புச் செலவுக்கு, மிச்சம் 5,000 ஈமச்சடங்குக்கு. இத்தாலியப் பக்கத்தில் இருப்பவர்கள் இதை ஏற்கவில்லை; மலை என்ன யாருடைய சொத்தா என்ற தொனியில் பதில் வந்தது. மேயரின் கோபம் எனக்குப் புரிகிறது. கயிற்றில் தொங்கிப் போய்ப் பிணத்தை எடுக்கிறவனும் ஒரு மனிதன்தானே.

ஆனாலும் இந்தச் செலவு வாதத்தைக் கண்டு எனக்குப் பயம், ஏனென்றால் அதற்கு முற்றுப்புள்ளி இல்லை. யார்தான் யாருக்கும் செலவு வைக்காமல் வாழ்கிறார்கள்? மலையேறுபவர், உடம்பை அசைக்காதவர், இரவு இரண்டு மணி வரை போனைப் பார்க்கிறவர், எல்லோருக்கும் ஒரு ரசீது எழுதலாம். அந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஒரு கோரமான சாட்சி உண்டு. 2001-இல் ஃபிலிப் மோரிஸ் சிகரெட் நிறுவனம் ஏற்பாடு செய்த ஓர் ஆய்வறிக்கை, செக் குடியரசின் அரசுக்குப் புகைபிடிப்பவர்களால் லாபம்தான் என்றது. காரணங்களில் ஒன்று, அவர்கள் சீக்கிரம் செத்துவிடுவதால் ஓய்வூதியமும் முதுமைக்கால மருத்துவச் செலவும் மிச்சமாகின்றன. உலகம் காறித் துப்பியது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ஆனால் அந்த அறிக்கையின் கூட்டல் கழித்தலில்தான் குறை என்று யாரும் கோபப்படவில்லை. ஒரு மனிதன் இருக்கலாமா கூடாதா என்பதைச் செலவுக் கணக்கால் தீர்மானிக்கலாம் என்று ஒப்புக்கொண்டதில்தான் கோபம். ஹெல்மெட்டுக்காக அதே கணக்கை நாம் கையில் எடுக்கும்போது மட்டும் அது எப்படிப் புனிதமாகும்?

அப்பாவிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது அதுவல்ல. "நீங்க விழுந்தா எனக்கு வலிக்குது" என்று சொல்லியிருக்கலாம். அது உண்மை. அதில் உரிமை கோரல் எதுவும் இல்லை, சட்டமாகவும் ஆகாது. அதனால்தானோ என்னவோ எனக்கு வாயில் வரவில்லை.

*

ஹெல்மெட்டின் கதையிலேயே இரண்டு பக்கமும் இருக்கிறது. 1935-இல் 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று அறியப்பட்ட முன்னாள் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டி. இ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர். அந்தச் சாவு அவரை விடவில்லை. ராணுவத்தில் மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டுபோகிறவர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-இல் எழுதினார். அந்த வருடமே பிரிட்டிஷ் ராணுவம் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்குக் கட்டாயமானது 1973-இல். சான்று கிடைத்து முப்பது வருடம் கழித்து! அப்புறம் மூன்றே வருடத்தில், 1976-இல், தலைப்பாகை கட்டும் சீக்கியர்களுக்கு நாடாளுமன்றம் விலக்குக் கொடுத்தது. விஞ்ஞானத்தின்படி சீக்கியரின் மண்டை ஓடு வேறு மாதிரி உடைவதில்லை. ஆனால் ஒருவருக்குத் தன் உயிரைவிடப் பெரியதாக ஒன்று இருக்கலாம், அதை மற்றவர்கள் மதிக்கலாம் என்று அந்த விலக்கு ஒப்புக்கொண்டது. எனக்கு அந்த 1976 சட்டத்தின்மேல் ஒரு தனி மரியாதை உண்டு.

அதே 1976-இல் அமெரிக்காவிலும் சட்டம் தளர்ந்தது, ஆனால் வேறு விதமாக. ஹெல்மெட் சட்டம் இயற்றாத மாநிலங்களின் சாலைப் பணத்தை வெட்டுவோம் என்ற மிரட்டலை அமெரிக்க நாடாளுமன்றம் கைவிட, பல மாநிலங்கள் சட்டத்தைத் தளர்த்தின. இன்றும் இல்லினாய், அயோவா, நியூ ஹாம்ப்ஷயர் மூன்றிலும் ஹெல்மெட் சட்டமே கிடையாது. நியூ ஹாம்ப்ஷயரில் பெரியவர்களுக்கு சீட் பெல்ட்டும் கட்டாயமில்லை. "சுதந்திரமாக வாழ், இல்லையேல் செத்துப்போ" என்பது அந்த மாநிலத்தின் முழக்கம். வண்டியின் நம்பர் பிளேட்டிலேயே அச்சிட்டிருக்கும். அந்த வாசகம் என் நம்பிக்கைக்கு ஒத்துவராது என்று தன் நம்பர் பிளேட்டில் அதை மறைத்த ஒருவரை அந்த மாநிலம் பிடித்துச் சிறையில் போட்டது! 1977-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சுதந்திரத்தைக் கட்டாயமாக்கிய ஒரே நம்பர் பிளேட் அதுவாகத்தான் இருக்கும்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு 18 வயதில் யாராவது சீட் பெல்ட் போட விருப்பமா என்று கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பேன். வோல்வோ நிறுவனத்தில் நில்ஸ் போலின் அந்த மூன்று முனை பெல்ட்டை 1959-இலேயே கொண்டுவந்துவிட்டார். நிறுவனம் மற்றவர்களும் பயன்படுத்தக் காப்புரிமையைத் திறந்துவிட்டது. காரில் பெல்ட் இருந்தது, அறிவுரை இருந்தது, போட்டுக்கொள்ளத்தான் ஆளில்லை. 1970-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் முதன்முதலாகக் கட்டாயமாக்கியது. மற்ற நாடுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன. நான் பெல்ட் போடப் பழகியது உயிர்மேல் ஆசைப்பட்டு அல்ல, அபராதத்துக்குப் பயந்து. இன்றைக்குப் பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் உடம்பில் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது. சட்டம் என் பழக்கமாகி, பழக்கம் என் விருப்பமாகி, இப்போது அது என் சொந்த முடிவு போலவே தோன்றுகிறது. மில் வந்து கேட்டால் என்ன சொல்வேன்? என்னைப் பிடித்து இழுத்தது நல்லதுதான் ஐயா என்பேன். அவர் முகம் சுளிப்பார்.

ஆக, "என் உயிர், என் இஷ்டம்" என்பது முழு உண்மை இல்லை. 18 வயது நான் எடுத்திருக்கக்கூடிய முடிவுக்கு இன்றைய நான் பலியாகியிருப்பேன். அவனும் எனக்கு அந்நியன்தான்.

*

இதுவரை நான் அரசாங்கத்தின் பக்கம் சாய்ந்துகொண்டே வருகிறேன் என்று தோன்றலாம். என்னைத் திருப்பியது ஒரு மருந்தின் கதை. ஒரு மருந்தல்ல, இரண்டு.

1960-இல் ஃபிரான்சிஸ் கெல்சி என்ற மருத்துவர் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த ஒரு மாதத்தில் அவர் மேசைக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. தாலிடோமைடு. தூக்க மாத்திரை, கர்ப்பிணிகளின் காலை நேரக் குமட்டலுக்கும் கொடுத்தார்கள். 1957 முதல் மேற்கு ஜெர்மனியில் விற்பனையில் இருந்தது, பல நாடுகளில் பரவியிருந்தது. புதிதாக வந்தவர், சும்மா கையெழுத்துப் போடுவார் என்று நினைத்திருப்பார்கள். கெல்சி போடவில்லை. பாதுகாப்பு பற்றிய சான்று போதவில்லை என்று திருப்பித் திருப்பி அனுப்பினார். நிறுவனம் நச்சரித்தது, மேலிடத்தில் புகார் சொன்னது. அவர் அசையவில்லை. 1961 நவம்பரில் மேற்கு ஜெர்மனியில் மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் உலகம் முழுவதும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் வளராமல் பிறந்திருந்தார்கள் என்பது பின்னால் தெரிந்த கணக்கு. அமெரிக்காவில் மிகச் சிலரே. 1962-இல் கென்னடி கெல்சிக்கு விருது கொடுத்தார். அதே வருடம் சட்டம் இறுகியது: இனி மருந்து பாதுகாப்பானது என்று மட்டுமல்ல, வேலை செய்கிறது என்றும் நிரூபித்த பிறகே விற்க முடியும்.

கட்டுப்பாட்டுக்கு இதைவிடச் சிறந்த வாதம் எனக்குத் தெரியாது. கெல்சியைப் பற்றி எப்போது படித்தாலும் வாசல்படியில் உட்கார்ந்த அப்பா ஞாபகத்துக்கு வருவார்.

அடுத்த காட்சி 1988 அக்டோபர் 11. அதே நிர்வாகத்தின் தலைமையகம், மேரிலாந்து மாநிலம். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கட்டடத்தை முற்றுகையிட்டிருக்கிறார்கள். எய்ட்ஸ் மருந்துகளுக்காகப் போராடிய 'ஆக்ட் அப்' இயக்கத்தினர். பலர் எய்ட்ஸ் நோயாளிகள். சிலர் கல்லறைக் கல் போல வெட்டிய அட்டைகளைப் பிடித்துக்கொண்டு தரையில் படுத்திருந்தார்கள். எய்ட்ஸ் கிருமிக்கு எதிராக ஏஇசட்டி என்ற ஒரே ஒரு மருந்துக்குத்தான் அதுவரை, 1987-இல், அனுமதி கிடைத்திருந்தது. மற்ற மருந்துகள் சோதனையில் இருந்தன. ஒழுங்கான சோதனைக்கு வருடக்கணக்கில் ஆகும். இவர்களுக்கு வருடங்கள் இல்லை. பாதுகாப்பில்லாத மருந்திலிருந்து எங்களைக் காப்பாற்றுகிறீர்கள், நாங்கள் செத்துக்கொண்டிருக்கிறோமே, எதிலிருந்து யாரைக் காப்பாற்றுகிறீர்கள்? அவர்கள் கேட்டதன் சாரம் இதுதான்.

நிர்வாகம் ஓரளவு இறங்கி வந்தது. உயிர்கொல்லி நோய்களுக்கான மருந்துகளை இடைக்காலச் சான்றின்பேரில் சீக்கிரம் அனுமதிக்கும் வழி 1992-இல் விதியாகவே வந்தது. அதனால் உயிர் பிழைத்தவர்களும் உண்டு, பலன் இல்லாத மருந்துகள் உள்ளே நுழைந்ததும் உண்டு.

கெல்சியும் சரி, தரையில் படுத்தவர்களும் சரி. என்னை உறுத்துவது வேறு. தவறான மருந்தை அனுமதித்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு முகம் உண்டு, புகைப்படம் உண்டு, விசாரணைக் கமிஷன் உண்டு. சரியான மருந்தைத் தாமதித்தால் செத்தவர்களுக்கு அது எதுவும் இல்லை. அவர்கள் நோயால் செத்தார்கள் என்றுதான் சான்றிதழ் சொல்லும். விதியால் செத்தார்கள் என்று எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. அப்படியானால் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் எந்தப் பக்கம் சாய்வார்? அவர் நல்லவராகவே இருந்தாலும், தன்னைக் கேள்வி கேட்கக்கூடிய தவறைத்தான் தவிர்ப்பார். 'ஆக்ட் அப்' செய்த பெரிய காரியம், முகம் இல்லாதவர்களுக்கு ஒரு முகம் கொடுத்துக் கட்டடத்தின் வாசலில் படுக்க வைத்தது.

*

சாவியை ஒளித்த பிறகு என்ன ஆனது என்று சொல்லவில்லையே.

முதல் வாரம் எனக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டாவது மாதத்தில் அப்பா வெளியே போவது குறைந்தது. காலையில் நண்பர்களைப் பார்க்கப் போகிறவர், வேண்டாம் என்றார். பகலில் தூங்கினார். நடை தளர்ந்தது. டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு நோய் எதுவும் இல்லை என்றார். என் தடையால் ஏதாவது கெட்டது என்றால் அது இதுதான். ஆனால் இதற்கு எக்ஸ்ரே கிடையாது. மணிக்கட்டு விரிசலுக்குத்தான் உண்டு.

அப்புறம் ஒரு நாள் எதிரே வந்த மோட்டார் சைக்கிளில் அப்பாவைப் பார்த்தேன். பின்சீட்டில். ஓட்டியவர் அவருடைய நண்பர், அவரைவிட இரண்டு வயது மூத்தவர், ஒரு கண்ணில் புரை முற்றி அறுவை சிகிச்சைக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தவர். இருவர் தலையிலும் ஹெல்மெட் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் இப்படித்தான் போய்வருகிறார்களாம்! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆபத்தை ஒழித்துவிட்டேன் என்று நினைத்தேன். அது வண்டி மாறி ஏறியிருந்தது.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்கு இந்த விஷயத்தில் என்னைவிட நிதானம் இருந்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டு போக அங்கே அனுமதி உண்டு. தனி இருக்கையில் குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கை போட்டு உட்கார வைப்பதுதான் பத்திரம். நிர்வாகமே அதைத்தான் சிபாரிசு செய்கிறது. விபத்துகளை ஆராயும் வாரியம் கட்டாயமாக்குங்கள் என்று வற்புறுத்தியது. ஆனால் 2005-இல் நிர்வாகம் மறுத்தது. கட்டாயமாக்கினால் பெற்றோர் இன்னொரு டிக்கெட் வாங்க வேண்டும். சில குடும்பங்கள் விமானத்தை விட்டுக் காரில் கிளம்பும். சாலைப் பயணம் விமானத்தைவிடப் பல மடங்கு ஆபத்தானது. ஆகவே விமானத்தில் காப்பாற்றும் குழந்தைகளைவிடச் சாலையில் இழக்கும் குழந்தைகள் அதிகமாக இருப்பார்கள். குழந்தைகளின் பாதுகாப்புக்கான ஒரு விதியை, குழந்தைகளின் பாதுகாப்புக்காகவே வேண்டாம் என்பதற்குத் துணிச்சல் வேண்டும். நாளைக்கு ஒரு விமானத்தில் மடியிலிருந்த குழந்தை செத்தால் எல்லா விரலும் இவர்களை நோக்கித்தான் நீளும். நெடுஞ்சாலையில் சாகாமல் இருந்த குழந்தைகள் நன்றி சொல்ல வரப்போவதில்லை.

புகையிலை விற்பனையை 2004-இல் தடை செய்த பூட்டானும் கடைசியில் இந்தப் பாடத்துக்கே வந்தது. எல்லை தாண்டிக் கடத்தல் நடந்தது. கொரோனா காலத்தில் கடத்தல்காரர்களோடு நோயும் எல்லை தாண்டும் என்ற பயம் வர, 2021-இல் தடையை நீக்கினார்கள்.

*

போர்வைகளுக்கு அடியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு போய் அப்பாவின் எதிரில் உட்கார்ந்தேன். பேரம் பேச எனக்கு ஒரு சொல் கையில் இருந்தது. பிரிட்டனில் வேலையிடப் பாதுகாப்பைப் பார்க்கும் அமைப்பு, ஆபத்தே இருக்கக்கூடாது என்று கேட்பதில்லை. தொழிலாளிக்கு வருடத்துக்கு ஆயிரத்தில் ஒன்று என்ற சாவு வாய்ப்பைத் தாண்டினால் பொறுக்க முடியாது. அந்த வேலையில் இல்லாத பொதுமக்களுக்கு அந்தக் கோடு பத்தாயிரத்தில் ஒன்று. பத்து லட்சத்தில் ஒன்றுக்குக் கீழே போனால் பெரிதாக அலட்டிக்கொள்ள வேண்டாம். நடுவில் இருப்பதை, நியாயமான செலவிலும் சிரமத்திலும் முடிகிற அளவுக்குக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். 1949-இல் ஒரு சுரங்கத் தொழிலாளியின் சாவு வழக்கில் நீதிமன்றம் இந்த "நியாயமாக முடிகிற அளவு" என்பதற்கு விளக்கம் சொன்னது. தொழிலாளிக்கும் பொதுமக்களுக்கும் வேறு வேறு கோடு என்பதைக் கவனியுங்கள். அப்பா போட்ட அதே கோடு.

"முடிகிற அளவுக்குக் குறைக்கலாம்ப்பா" என்றேன். அப்பா இதைப் பாய்லர் பாஷையாகவே எடுத்துக்கொண்டார். முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு.

பகலில் மட்டும். மழையில் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை. ஹெல்மெட் கட்டாயம். இன்னொரு முறை விழுந்தால் சாவியை அவரே கொண்டுவந்து கொடுப்பார். இதெல்லாம் நான் கேட்டது. ஹெல்மெட்டுக்கு மட்டும் கொஞ்சம் முனகினார். அவர் கேட்டது இரண்டே இரண்டு. ஒன்று, நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் புத்தகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு, இனி எப்போதாவது தடை போட்டால் காரணத்தை அதில் எழுத வேண்டும். "ஒளிச்சு வைக்கற வேலை கூடாது. எழுதி வை. நாளைக்கு நான் கேள்வி கேக்கணும்ல?"

புத்தகம் என்று அவர் சொன்னது ஒரு நீள நோட்டு. அன்றே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். தேதி, டயர் காற்று, பிரேக், ஹெல்மெட், கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், குறிப்பு, ஆய்வாளர் கையெழுத்து. நோட்டு இப்போது ஸ்கூட்டர் சாவிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. ஹெல்மெட் கொக்கி பெரும்பாலும் காலியாக இருக்கிறது. நடை தேறியிருக்கிறது. அவர் மறுபடி விழமாட்டார் என்று எனக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. சில நாள் திரும்பி வருகிற நேரம் தாண்டினால் ஜன்னல் பக்கம் போய் நிற்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல நோட்டைப் புரட்டினேன். வியாழக்கிழமை வரிசையில் டயர், பிரேக் கட்டங்களில் குறுக்குக் கோடு. அன்று அவர் ஸ்கூட்டர் எடுக்கவில்லை. கண் டாக்டரிடம் நான்தான் காரில் கூட்டிப்போனேன். குறிப்புக் கட்டத்தில் மட்டும் அவருடைய பழைய லாக் புத்தகக் கையெழுத்தில், பொடிப்பொடியாக எழுதியிருந்தது: "ஓட்டியவர் மகன். இரண்டு முறை போனில் பேசினார். அப்போது சாலையைப் பள்ளிப் பிள்ளைகள் கடந்துகொண்டிருந்தார்கள்."

பக்கத்தில் ஆய்வாளர் கையெழுத்துக்கான கட்டம் காலியாக இருந்தது. அப்பா பேனாவை நீட்டினார்.